டயாலிசிஸ் அறையில் வேதம் வாசிக்கிறவர்கள் இருக்கிறீர்களா?

நெல்லைத் தங்கை:
எங்க வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். மெஷின் ஓடுற நாலு மணி நேரமும் பக்கத்துலதான் இருப்பேன். மடியில பைபிள் இருக்கும். கண்ணு வரிமேல ஓடும், மனசுல ஒண்ணும் நிக்காது. பார்க்க வர்றவங்க "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு வசனம் சொல்லி ஜெபிச்சிட்டுப் போறாங்க. அழுதாலே விசுவாசக் குறைவோன்னு பயமா இருக்கு. உபத்திரவத்துல வேதத்தைச் சந்தோஷமா வாசிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

பாளை அக்கா:
தங்கச்சி, எங்க அம்மா புற்றுநோயில படுத்திருந்தப்ப நானும் இப்படித்தான் கிடந்தேன். அதே சொல்லு பிலிப்பியர் 4:4லயும் வருது. பவுல் அந்த நிருபத்தை (கடிதத்தை) காவல்ல கட்டுண்டு இருந்தப்ப எழுதினார். எல்லாரும் நாலாம் அதிகாரத்தைத்தான் சொல்லுவாங்க, நீங்க ரெண்டாம் அதிகாரத்துக்குப் போங்க. தனக்கு உதவி செய்ய வந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைச்சதை எழுதுறார். "துக்கத்தின்மேல் துக்கம்" எனக்கு வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார்ங்கிறார் (2:27). சந்தோஷமாயிருங்கன்னு எழுதின அதே கை! அதைப் படிச்சப்போ அழுகையும் வந்துச்சு, சந்தோஷமும் வந்துச்சு. உங்க கண்ணீரை விசுவாசக் குறைவுன்னு யாரையும் சொல்ல விடாதீங்க.

அப்புறம் 119ஆம் சங்கீதம். 176 வசனம், எட்டெட்டா 22 பகுதி. அம்மாவுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு பகுதிதான், சத்தமா வாசிப்பேன். அதுக்கு மேல அவங்களுக்குத் தாங்காது. "உமது வேதம் என் மனமகிழ்ச்சியாயிராதிருந்தால், என் துக்கத்திலே அழிந்துபோயிருப்பேன்" (92) வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாங்க. "இன்னொருக்கா வாசி, அவனும் அழிஞ்சுபோற நிலைமைக்கு வந்திருக்கான் பாரு"ன்னாங்க. முகம் அப்படித் தெளிஞ்சிருந்துச்சு.

மதுரைத் தம்பி:
அக்கா சொன்னதோட 88ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக்கோங்க. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிட்டு ஆரம்பிச்சு, கடைசிவரை புலம்பல்தான். விடிவு வந்ததா எழுதி முடிக்கல. அதையும் வேதத்துல வச்சிருக்காங்க. ஜெபிக்க வாய் வராத ராத்திரிகள்ல எனக்கு அதுதான் ஜெபம்.

நெல்லைத் தங்கை:
அக்கா, 2:27ஐ இவர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். "பவுலுக்கே அப்படியா?"ன்னு கேட்டுட்டு, நிருபம் முழுசையும் வாசிக்கச் சொன்னாங்க. 119ஐ முதல்லேருந்து ஆரம்பிக்கவா?

பாளை அக்கா:
89லேருந்து 96 வரைக்கும் முதல்ல வாசிங்க. அவரையும் ஒரு வசனம் வாசிக்கச் சொல்லுங்க. ஊசி குத்தின கையை அசைக்கக் கூடாதில்லையா, பைபிளை நீங்க பிடிச்சுக்கோங்க.