செம்பூர் பி விங் தமிழ் குரூப்

ராஜி மாமி: கீழ லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் பாத்தேளா, "டேங்க் க்ளீனிங் புட் ஆஃப் டில் சண்டே"ன்னு ஒட்டியிருக்கான், ஞாயித்துக்கிழமை வரைக்கும் தண்ணி ஆஃப், எல்லாரும் பால்டி ட்ரம் ஒண்ணு விடாம ரொப்பி வெச்சுக்கோங்கோ

செல்வி: அய்யோ மாமி இப்பதான் போர்வையெல்லாம் ஊற வச்சேன் 😭

முருகன்: டேங்கர் சொல்லிடவா? எங்க வீட்ல விருந்தாளி வேற

கவிதா டீச்சர்: இருங்க இருங்க, தண்ணி எங்கயும் போகல. இன்னைக்கு கழுவுறதா இருந்த டேங்கை ஞாயிறுக்கு தள்ளி வச்சிருக்காங்க, அவ்ளோதான்

ராஜி மாமி: லைட்டை புட் ஆஃப் பண்ணுன்னு ஆத்துல தினம் சொல்றோமே, அது அணைக்கறதுதானே

கவிதா டீச்சர்: அப்படியும் சொல்றது உண்டு மாமி, ஆனா பசங்களுக்கு ஸ்விட்ச் ஆஃப், டர்ன் ஆஃப்னுதான் சொல்லிக்குடுப்போம். எதை புட் ஆஃப் பண்றாங்கன்னு பாக்கணும், லைட்டு ஃபேன்னா அணைக்கறது, கல்யாணம் பரீட்சை மீட்டிங்னா தள்ளிப்போடறது, நோட்டீஸ்ல இருக்கறது க்ளீனிங், தண்ணியே இல்ல

முருகன்: அப்ப கால் ஆஃப்?

கவிதா டீச்சர்: அது கேன்சல்ணா. புட் ஆஃப்னா இன்னொரு நாள் நடக்கும், கால் ஆஃப்னா அந்தப் பேச்சே இல்ல

செல்வி: அக்கா என் பையன் "புட் ஆஃப் இட்"னு எழுதினான், சுழிச்சு அனுப்பிட்டாங்க

கவிதா டீச்சர்: இட், தெம் எல்லாம் நடுவுல உக்காரணும், புட் இட் ஆஃப். மீட்டிங்னு பேரைச் சொல்லிட்டா நடுவுலயும் வரலாம் கடைசிலயும் வரலாம். அப்புறம் புட் ஆஃப் கோயிங்னு இங் சேத்து எழுதச் சொல்லு, டு கோன்னு எழுதினா அதுக்கும் சுழி விழும்

வாசு: ஆபீஸ்ல ஒருத்தன் மீன் டப்பாவைத் திறந்ததும் மேனேஜர் "தி ஸ்மெல் புட் மீ ஆஃப்"னு எழுந்து போனாரே, அவரை யாரு தள்ளி வச்சா 😂

கவிதா டீச்சர்: அங்க குமட்டிடுச்சுன்னு அர்த்தம், சாப்பாட்டு ஆசையே போச்சுன்னு

ராஜி மாமி: இத்தனை வம்புக்கு செக்ரட்டரி போஸ்ட்போன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்

முருகன்: ஞாயிறு பத்து மணிக்குன்னு இருந்ததை எட்டுக்கு ப்ரீபோன் பண்றாங்களாம், வாட்ச்மேன் சொன்னான். அந்த வார்த்தையாவது சரியா டீச்சர்?

கவிதா டீச்சர்: தாராளமா சொல்லலாம், நம்ம ஊர்ல அதிகமா புழங்கற வார்த்தை, ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரிலயே ஏறிடுச்சு. லண்டன்ல ப்ரிங் ஃபார்வர்ட்ம்பாங்க

ராஜி மாமி: அவன் என்ன வேணா சொல்லிக்கட்டும், எட்டு மணிக்கு டேங்கை மூடினா நான் எப்போ குளிச்சு எப்போ குக்கர் வெக்கறது, முருகா நீ போய் செக்ரட்டரிகிட்ட பத்துன்னே இருக்கட்டும்னு சொல்லிட்டு வா