பரீட்சைக்குப் படிக்காம தானா வந்து மாட்டுன கதைப்பாட்டு எது? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

வக்கீல்_குமாஸ்தா:
எப்பப் பாரு சினிமா, சீரிஸ்னே பேசுறோம், பாட்டாவே இருக்கிற கதைங்களப் பத்தி ஒரு தடவ பேசுவோமே. காப்பியமோ கூத்தோ வில்லுப்பாட்டோ எதுவா இருந்தாலும் ஓகே, மார்க்குக்காக மனப்பாடம் பண்ணது மட்டும் வேணாம்.

எனக்கு சிலப்பதிகாரம். ஸ்கூல்ல "தேரா மன்னா" ஒப்பிச்சதோட விட்டாச்சு. அப்புறம் இந்த வேலைக்கு வந்து பல வருஷம் கழிச்சு, ஒரு நாள் கேஸ் கூப்புடுற வரைக்கும் கோர்ட் வராண்டால உக்காந்து போன்ல வழக்குரை காதைய, அதான் கண்ணகி பாண்டியன் சபைல நியாயம் கேக்குற பகுதிய, ஓட்டுனேன், அட இது ஒரு ஹியரிங்யா! யாரும்மா நீன்னு ராஜா கேக்குறான், அவ எடுத்த எடுப்புல தன் பேரச் சொல்லல, எங்க ஊரு புகாரு, அங்க ஒரு ராஜா புறாவுக்காக தன் சதையக் குடுத்தான், ஒருத்தன் கன்னுக்குட்டிக்காக பெத்த புள்ளையவே தேர்க்கால்ல போட்டான்னு ரெண்டு முன்தீர்ப்ப எடுத்து வச்சுட்டு அப்புறம்தான் மாமனார் பேரு, புருஷன் பேரு, தன் பேருன்னு வர்றா. கள்வனக் கொல்றது கொடுங்கோல் இல்லம்மான்னு அவன் சட்டம் பேசுறான். அவ அந்தப் பக்கமே போகல, என் சிலம்புக்குள்ள இருக்கிறது மாணிக்கம்னு ஒரே வரி. எங்களுதுல முத்துன்னு அவன் தன் வாயாலயே சொல்லி, பொருளையும் கொண்டு வரச் சொல்லி முன்னாடி வைக்கிறான். முடிஞ்சுது! உடைச்சா மணி தெறிச்சு அவன் வாய்லயே படுது. சீனியர்கிட்ட சொன்னேன், "குறுக்கு விசாரணையே தேவைப்படலையேய்யா"ன்னு சிரிச்சார்.

லேட்_லதீப்:
சின்னது. எங்கப்பா தமிழ் வாத்தியார்லாம் இல்ல, மளிகைக் கடை. ஆனா லீவு நாள்ல நாங்க எட்டு மணி வரைக்கும் தூங்குனா போர்வைய உருவிட்டு கம்பராமாயணத்துல கும்பகர்ணன எழுப்புற பாட்டப் பாடுவார், "உறங்குகின்ற கும்பகன்ன"ன்னு ஆரம்பிச்சு "எழுந்திராய் எழுந்திராய்" வர்றப்ப கட்டில்ல தட்டுவார் பாருங்க, தாளம் பிசகாது. கடைசி வரில எமதூதர் கைல போயி உறங்குவாய் உறங்குவாய்னு வரும், அதையும் பெத்த புள்ளைக்கு சந்தோசமா பாடுவார் மனுசன்.

ஒழுகினசேரி_மக்கா:
கோர்ட்டுன்னு எடுத்தீங்க, அப்ப நான் இதச் சொல்லியே ஆகணும். கவிமணி எழுதுன நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம். 1917-18ல தமிழன்ங்கிற பத்திரிகைல வந்த கதைப்பாட்டு. காப்பியம் மாதிரியே படலம் படலமா பிரிச்சிருப்பாரு, கம்பன்ல விசுவாமித்திரர் சனகன்கிட்ட ராமனோட வம்சத்தப் பெருமையா சொல்ற குலமுறை கிளத்து படலம் இருக்குல்லா, அதே பேர்ல இங்கயும் ஒரு படலம், ஆனா சொல்றது யாருன்னா ஒரு காரணவரோட, அதாவது குடும்பத் தலைவரோட, அஞ்சாவது பொண்டாட்டி. அப்புறம் மாமி அரசியற் படலம், கடைசி பக்கம் கோடேறிக் குடிமுடித்த படலம். எங்க ஊர்ப் பெரியாட்கள் கோர்ட்டுக்குப் போறத கோடேறுறதுன்னுதான் சொல்லுவாங்க, சொத்து வழக்குலயே வீடு காலி.

வெளியூர்க்காரங்களுக்கு: முன்னாடி எங்க பக்கத்து வேளாளர்ல ஒரு பிரிவுக்கு அப்பன் சொத்து மகனுக்குப் போகாது, அவன் தங்கச்சி மகனுக்குத்தான் போகும். அதனால வீட்ல பொண்டாட்டிய விட அக்கா தங்கச்சி கைதான் ஓங்கி இருக்கும், காரணவர் கண்ண மூடுனா பொண்டாட்டி புள்ளைங்க மூட்டையக் கட்டணும். கவிமணியும் அதே ஆளுகதான், தேரூர்க்காரர், வெளிய நின்னு நக்கலடிக்கல.

காலேஜ் படிக்கப்போ இந்த புக்க வீட்டுக்குக் கொண்டு வந்து படிச்சுக்கிட்டு இருந்தேன், எங்க ஆச்சிக்குக் கண்ணு சரியில்ல, சத்தம் போட்டு வாசிடேன்னாங்க. நானும் தூய தமிழாச்சே, இவங்களுக்கு என்ன புரியப் போவுதுன்னு மெதுவா அர்த்தம் சொல்லிச் சொல்லி வாசிச்சா, "நீ அர்த்தம் ஒண்ணும் சொல்லாண்டாம், மேல படி"ன்னுட்டாங்க. மாமியாரு மருமகள வேலை வாங்குற இடம் வந்துச்சு, சிரிக்காங்க சிரிக்காங்க, வெத்தலை புரையேறிப் போச்சு. அடுக்களைல யாருக்கு முதல்ல சோறு, யாரு மிச்சத்தைத் திங்கணும்னு வர்ற இடத்துல "நில்லு, இத எழுதுனது ஆம்பளயா? அவனுக்கு இது எப்பிடிடே தெரிஞ்சு?"ன்னாங்க. அவங்க அம்மையோட அம்மை அப்பிடி ஒரு வீட்லதான் வாக்கப்பட்டவங்களாம், அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். புலம்பலுக்கு நடுவுல கேலி, கேலிக்கு நடுவுல புலம்பல், ரெண்டையும் பிரிக்க முடியாம எழுதிருப்பாரு, கவிமணின்னா தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசுன்னு குழந்தைப் பாட்டோட நிறுத்திக்கிறவங்க கண்டிப்பா இதப் படிக்கணும்.

வக்கீல்_குமாஸ்தா:
அப்ப பொண்டாட்டி புள்ளைக்கு சட்டப்படி எதுவுமே கிடையாதா?

ஒழுகினசேரி_மக்கா:
உகந்துடைமைன்னு கொஞ்சம் கிடைக்கும், அதுக்கும் தொங்கணும். 1926ல திருவிதாங்கூர் சர்க்கார் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து தான் நிலைமை மாறிச்சு. இந்தப் பாட்டாலதான் சட்டமே வந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் அவ்ளோ தூரம் போக மாட்டேன், ஆனா அத வாசிச்சுட்டு பழைய முறை நல்லதுன்னு மேடையேறிப் பேச ஒரு ஆளுக்கு வாய் வந்திருக்காது.

செஞ்சி_பக்கம்:
எங்களுக்கு எல்லாம் பாரதம்தான் சாமி. திரௌபதியம்மன் கோயில் திருவிழான்னா மதியானம் பிரசங்கியார் வந்து வில்லிபாரதம் படிப்பார், பாட்ட ராகம் போட்டுப் பாடி, வசனத்துல விளக்கம், நடுவுல உள்ளூர் அரசியல் ஜோக்கு ரெண்டு, கிழவிங்க எல்லாம் பந்தல்ல சாஞ்சுக்கிட்டு கேக்கும். ராத்திரி அதே கதை கூத்தா ஆடுவாங்க. வில்லிபுத்தூராரும் எங்க திருமுனைப்பாடி நாட்டு ஆளுதான்னு பிரசங்கியார் வருஷா வருஷம் சொல்லி கைதட்டு வாங்குவார்.

நான் சொல்ல வந்தது படுகளம். களத்துல மண்ணாலயே துரியோதனன மல்லாக்கப் படுத்த மாதிரி செஞ்சிருப்பாங்க, ஒரு வீடு அளவுக்கு இருக்கும், மீசை முழிகண்ணு எல்லாம் கலர் அடிச்சு. காலைல பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணு உடம்பு மேலயே ஏறி ஓடி ஓடி சண்ட போடுவாங்க, தொடைல அடி விழுந்ததும் சிவப்புத் தண்ணி, அதுல திரௌபதி முடிய முடிப்பாங்க. என்னைத் தூக்கி வாரிப் போட்டது அது இல்ல. நைட்டு முழுக்க ஆடுன துரியோதனன் வேஷக்காரர் கிரீடத்தக் கழட்டி பக்கத்துல வச்சுட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தார், எங்க பெரியம்மா நேரா போயி "அந்தப் பொண்ணு சேலைய இழுத்தியே, நல்லா இருப்பியாடா"ன்னு மண்ண வாரி தூத்துனாங்க. அவரும் கிளாஸ கீழ வச்சுட்டு "தப்புதாம்மா"ன்னு கும்புட்டார். அப்புறம் பெரியம்மா அதே களத்து மண்ணுல ஒரு பிடி முந்தானைல முடிஞ்சுக்கிட்டு வந்து நெல்லுக் குதிர்ல போட்டாங்க.

தாமிரபரணி_தண்ணி:
நான் வில்லுப்பாட்டு கோஷ்டி, முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன் முத்துப்பட்டன், காட்டுல மாடு காக்குற வாலப்பகடையோட ரெண்டு பொண்ணுங்க பொம்மக்கா திம்மக்காவப் பாத்து மயங்கிடுதான். கட்டித் தாரேன், ஆனா குடுமிய எடு, பூணூல அறு, செருப்பு தைக்கக் கத்துக்கன்னு மாமனார் சொல்லுதாரு, அவனும் செய்யுதான். அப்புறம் மாடு திருட வந்தவங்களோட சண்ட போட்டு செத்துப் போறான், ரெண்டு பொண்ணும் உடன்கட்டை. பாபநாசத்துக்கு மேல காரையார் சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயன்னு அவருக்கு சன்னதி இருக்கு, நேர்ச்சைக்கு செருப்புதான் கட்டுவாங்க, கட்டுன செருப்பு தேயும்னு நம்பிக்கை.

ஒரு கோயில் கொடை விழாவுல நாங்க பாடுறோம், பொண்ணு கேக்குற இடம், முன்பாட்டு பாடுற புலவர் வில்லத் தட்டுற வீசுகோல தட்டி ஒரு வரி சொல்ல நாங்க ஆமான்னு போட்டுக்கிட்டு இருக்கோம். கமிட்டி ஆளு ஒருத்தர் மேடைக்கு வந்து காதுல, "அந்தப் பொண்ணுங்க பிறப்பால பிராமணப் பிள்ளைங்கதான், காட்டுல கண்டெடுத்து வளத்ததுன்னு சேத்துப் பாடிருங்க"ன்னாரு. இது புதுசு இல்ல, நாட்டுப்புறப் பாட்டு ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை 1971ல மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக பதிப்பிச்ச முத்துப்பட்டன் கதைலயே இந்த ஒட்டு எப்பிடி வந்துச்சுன்னு எழுதிருக்காரு. எங்க புலவர் என்ன செஞ்சாருன்னா, கமிட்டி சொன்னத அப்பிடியே வசனத்துல சொல்லிட்டு, "இப்பிடியும் சில பேரு சொல்லுதாங்க, என்னப்பா குடம்?"னு திரும்புனாரு, குடம் அடிக்கிறவரு "சொல்லுவாங்க சொல்லுவாங்க"ன்னு ஒரு இழுப்பு இழுத்தாரு. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு. அப்புறம் பாட்டுல செருப்பு தைக்கிறத மட்டும் வழக்கத்த விட நீட்டிப் பாடுனாரு, தோலு வாங்குறது, வாரு அறுக்குறது, ஊசி ஏத்துறதுன்னு ஒவ்வொண்ணா. துட்டு கொஞ்சம் குறைச்சுத்தான் குடுத்தாங்க.

செஞ்சி_பக்கம்:
குடம் அடிக்கிறவருக்கு என் சார்பா ஒரு டீ.

வத்ராப்_அத்தை:
எங்க ஊருக்குப் பக்கத்துல அருச்சுனாபுரத்துல நல்லதங்காளுக்கு கோயிலே இருக்கு, ஏழு புள்ளையக் கிணத்துல போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா பெரிய எழுத்து புக்க வச்சுக்கிட்டு அதப் பாட்டா படிப்பாங்க, அண்ணி மூளி அலங்காரி நாத்தனார் நல்லதங்காளப் பட்டினி போடுற இடத்துல என் அண்ணன் பொண்டாட்டி எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாங்க, ஒவ்வொரு தடவையும். அதே கடைல வாங்குன அல்லி அரசாணி மாலையும் வீட்ல இருந்துச்சு, அர்ச்சுனன் பாம்பா மாறி அல்லி மஞ்சத்துக்குப் போற இடம் வந்தா அம்மா புக்க மூடிட்டு "போயி படிங்க"ன்னுருவாங்க. இங்க யாராச்சும் முழுசா படிச்சிருந்தா அங்க இருந்து எழுதுங்கப்பா, எனக்கே அம்பது தாண்டிருச்சு.