கெர்னல் லாகில் பாயின்டர் காலியா, பிழையா என்று எப்படித் தெளிவாக அச்சிடுவது?

மலை_ரோஸ்ஹில்:
வணக்கம். இங்கே கரும்பு ஆலை எடைமேடைக்கான ஒரு 64 பிட் போர்டுக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுகிறோம், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.19. ஜிபிஐஓ (போர்டின் பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீட்டு இணைப்பு) கேட்டால் திரும்பி வரும் பாயின்டரை (நினைவக முகவரியை) %பி என்ற அச்சு வடிவக் குறி போட்டு லாகில் (கெர்னல் எழுதும் பதிவில்) அச்சிட்டேன். முதல் எட்டு இலக்கமும் சுழியம், மீதி எட்டும் போர்டை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறுகிறது. இது நல்ல முகவரியா, பிழையா?

செல்வம்_எபென்:
இதை வைத்துச் சொல்லவே முடியாது தம்பி. 4.15 முதல் %பி உண்மை முகவரியைக் காட்டாது, பாதுகாப்புக்காக ஹாஷ் செய்துதான் (வேறு எண்ணாக உருமாற்றித்தான்) தரும், உங்கள் 4.19-ல் பிழைக் குறியீடும் அதில் மறைந்துபோகும். முதலில் பாயின்டருக்குள் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று ஐஎஸ்_எர்ஆர் கொண்டு சோதியுங்கள், பிழை என்றால் அந்தக் குறியீட்டை எடுத்துத் தரும் பிடிஆர்_எர்ஆர் மதிப்பை %எல்டி போட்டு எண்ணாக அச்சிடுங்கள். -517 வந்தால் பதற வேண்டாம், உங்களுக்குத் தேவையான இன்னொரு டிரைவர் இன்னும் தயாராகவில்லை, கெர்னலே பிறகு மறுபடி முயலும்.

பிரியா_போர்ட்லூயி:
5.5 முதல் %பிஇ இருக்கிறது, கெர்னல் கட்டமைப்பில் சிம்பாலிக்_எர்நேம் என்ற தெரிவு இயங்கினால் எண்ணுக்குப் பதில் பிழையின் பெயரே வரும், லாக் படிக்கிறவருக்குப் பெரிய நிம்மதி. 4.19-ல் மட்டும் அதைப் போடாதீர்கள், அந்த 'இ'யைக் கண்டுகொள்ளாமல் பழைய ஹாஷையே தரும். அப்புறம், காலி பாயின்டரை (நல், எதையும் சுட்டாதது) ஐஎஸ்_எர்ஆர் பிடிக்காது. ஆப்ஷனல் (இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற) வகை ஜிபிஐஓ அழைப்பில் காலி வந்தால் அந்த ஜிபிஐஓ முனை ஒதுக்கப்படவில்லை என்றுதான் பொருள், அது பிழையே அல்ல. இரண்டையும் சேர்த்து "தோல்வி" என்று ஒரே வரியில் எழுதும் டிரைவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், தயவுசெய்து தனித்தனி வரியாக எழுதுங்கள்.

மலை_ரோஸ்ஹில்:
சரி அக்கா, பிரித்து எழுதிவிட்டேன். வந்தது -517 தான் அண்ணா.