பின் சக்கரம் தூக்கிப் போடுகிறது

காரைக்குடி அத்தை, காலை 6.40
அண்ணே, நேற்று மாலை தம்பியின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி வாங்கி வந்தோம். அதிலிருந்து பின் சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை தூக்கிப் போடுகிறது. ரிம்மில் கோட்டம் விழுந்திருக்கும், இன்றே கோட்டம் எடுத்துவிடுங்கள் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.

கண்டனூர்ப் பெரியப்பா, காலை 6.52
அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே தங்கச்சி. முகப்பில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல். ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் ஏறி இறங்கினால் அது கோட்டம் இல்லை. டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். ரிம்மை ஒட்டி, டயரின் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும், அதையும் பாருங்கள்.

காரைக்குடி அத்தை, காலை 7.15
ரிம் நேராகத்தான் ஓடுகிறது அண்ணே. வால்வுக்கு நேர் எதிரே ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்து கிடக்கிறது. மற்ற இடங்களில் நன்றாகத் தெரிகிறது.

தேவகோட்டை அண்ணன், காலை 7.18
அளவு மாறிய டயராக இருக்குமோ? 26 இன்ச் என்று போட்டிருந்தாலும் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது வேறு, 559க்கு உரியது வேறு.

கண்டனூர்ப் பெரியப்பா, காலை 7.26
நல்ல கேள்விதான், ஆனால் நேற்றுவரை ஓடிய அதே டயர் என்பதால் அந்தச் சந்தேகம் வேண்டாம். டயரின் ஓரக்கம்பி ரிம்மின் நடுப்பள்ளத்திலேயே சிக்கி நிற்கிறது. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, இரண்டு பக்க ஓரத்தையும் கையால் உள்ளே அமுக்கி, டியூப் எங்காவது பிதுங்கித் தெரிகிறதா என்று சுற்றிலும் பார்க்க வேண்டும். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால், அதன் அடியில் உள்ள தடித்த ரப்பர் ஓரக்கம்பிக்குக் கீழே மாட்டியிருந்தாலும் விடுபட்டுவிடும். மாட்டியபடியே காற்றடித்தால் டியூப் வெடிக்கும். பிறகு கோடு மறைந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, பாதிக் காற்று அடித்து, சுற்றிப் பார்த்து, அதன் பின்னரே மீதியை அடிக்க வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.

காரைக்குடி அத்தை, காலை 7.31
சோப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள் எதிர்வீட்டு ஆச்சி.

கண்டனூர்ப் பெரியப்பா, காலை 7.33
எண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் கெடும், ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வண்டி.

காரைக்குடி அத்தை, காலை 8.05
முதல் தடவை உட்காரவில்லை. மறுபடி காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவி அடித்தபோது, டப்பென்று ஒரு சத்தத்தோடு, நுரையைத் தள்ளிக்கொண்டு கோடு வெளியே வந்தது. கொப்புடையம்மன் கோயில் வரை ஓட்டிப் பார்த்துவிட்டான், தூக்கவே இல்லை.

கண்டனூர்ப் பெரியப்பா, காலை 8.07
செயின் இருக்கும் பக்கத்திலும் கோட்டைப் பார்த்தீர்களா?

காரைக்குடி அத்தை, காலை 8.11
இப்போதுதான் பார்த்தோம் அண்ணே; அங்கேயும் சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிகிறது.