பிரிண்டர் 'ஆஃப்லைன்': 'எட்டாநிலை' எனலாமா?

> 'இணைப்பில் இல்லை' போதும். எல்லோருக்கும் புரியும்.

வணக்கம். பிரிண்டருக்கு விண்டோஸ் காட்டும் 'ஆஃப்லைன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. 'இணைப்பில் இல்லை' என்றால் புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். அப்படித் திரையில் வந்ததும் யாராயிருந்தாலும் பிரிண்டருக்குப் பின்னால் போய்க் கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள். பக்கத்து மேசைக்காரருக்கோ அதே பிரிண்டரில் தாள் வந்துகொண்டிருக்கும்.

விண்டோஸ் சொல்லவருவது இவ்வளவுதான்: குறித்துவைத்திருக்கும் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் பிரிண்டருக்கான எண்) கேட்டேன், பதில் இல்லை. பெரும்பாலும் முகவரிதான் மாறியிருக்கும். ரவுட்டரை அணைத்துப் போட்டபின், முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபி வேறு எண்ணைக் கொடுத்திருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, கணினியில் பிரிண்டர் பண்புகளின் போர்ட்ஸ் பகுதியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். தாளில் 192.168.1.41, போர்ட்டில் 192.168.1.23 என்றிருந்தால் கோளாறு அதுதான். போர்ட்டைத் திருத்தினால் இன்றைக்கு ஓடும். ரவுட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியின் மாறாத அடையாள எண்) 41-ஐ ஒதுக்கிவைத்தால்தான் நாளைக்கும் ஓடும். தாளில் எண் 169.254 என்று தொடங்கினால் மட்டும் கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். ரவுட்டரிடமிருந்து முகவரியே வந்துசேரவில்லை.

எண் சரி, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, அப்போதும் ஆஃப்லைன் என்றால் எஸ்என்எம்பியை, அதாவது கருவியின் நிலவரம் கேட்கும் நெறிமுறையைப் பாருங்கள். விண்டோஸ் அதன் வழியாக நிலவரத்தை 161ஆம் போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது நெட்வொர்க் வாயில் எண்) கேட்கிறது. அச்சு போவதோ 9100 வழியாக. முன்னதில் பதில் வராவிட்டால், பின்னது திறந்திருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டும். 'கான்ஃபிகர் போர்ட்' சாளரத்தில் எஸ்என்எம்பி டிக்கை எடுத்துவிட்டால் தீரும்.

ஆகவே 'எட்டாநிலை'. கோளாறு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று இந்தச் சொல் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. 'பிரிண்டர் எட்டவில்லை' என்று பேச்சிலும் இயல்பாக வரும்.

---

> ஆகவே 'எட்டாநிலை'.

எனக்குச் சம்மதம், ஆனால் எல்லா இடத்துக்கும் வேண்டாம். அச்சு வேலைகளைக் காட்டும் பழைய வரிசைச் சாளரத்தின் மெனுவில் 'யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்' என்று ஒன்று இருக்கிறது. அது பயனரே போடும் டிக். போட்டால் வேலைகள் வரிசையில் குவியும், பிரிண்டருக்குப் போகாது. அங்கே 'எட்டாநிலையில் பயன்படுத்து' என்பது பொருளற்றது. 'அனுப்பாமல் நிறுத்திவை' என்போம். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே போதும் என்று இருக்க வேண்டியதில்லை.

அதேபோல, 2021 செப்டம்பர் புதுப்பிப்புகளுக்குப் பின் இன்னொரு கணினியில் பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கும்போது வரத் தொடங்கிய, '11பி' என்று முடியும் பிழையையும் இதில் சேர்க்கக் கூடாது. அங்கே கணினி எட்டிவிட்டது, அனுமதிதான் கிடைக்கவில்லை. ஐபி முகவரியைத் துருவிப் பயனில்லை. இரண்டு கணினிகளிலும் புதுப்பிப்புகள் முழுதாக ஏறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு 'ஏற்பு மறுப்பு' என்று முன்வைக்கிறேன்.