ஆக்ஸிஜன் சென்சார் எங்கே வைப்பது? அவசரம்

மிளகுத்தோட்டம்: கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டுகிறேன். எல்லாம் தயார். ஆக்ஸிஜன் சென்சாருக்கு மட்டும் சைலன்சர் பைப்பில் எங்கே ஓட்டை போடுவது என்று தெரியவில்லை. வெல்டர் நாளை காலை வருகிறார், விட்டால் பிடிக்க முடியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

கோரிமேடு: என்ன வண்டி?

லீ பஜார்: வண்டி, எத்தனை சிலிண்டர், சென்சாரில் எத்தனை வயர்? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

பழைய ஸ்பேனர்: இதற்கு இங்கே பலமுறை எழுதியாச்சு. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, வெல்டர் வருவதற்கு முந்தின ராத்திரி யோசிக்கிற விஷயமா இது? என்ஜினை ஒட்டிப் புகை வெளியேறும் மேனிஃபோல்டிலேயே வையுங்கள். சூடு இருந்தால்தான் சென்சார் வேலை செய்யும்.

மிளகுத்தோட்டம்: ஜிப்சி 1300, பெட்ரோல். 5 வயர். இருப்பது ஏற்காடு.

லீ பஜார்: 5 வயர் என்றால் வைட்பேண்ட், கலவை விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வகை, உள்ளேயே ஹீட்டர் உண்டு. ஸ்பேனர் சார் சொல்லும் சூட்டுக் கணக்கு ஒற்றை வயர் காலத்தது. ஒரு சிலிண்டரின் குழாயில் வைத்தால் அந்த ஒன்றின் நிலவரம்தான் தெரியும். நான்கு குழாயும் கூடும் இடத்துக்குக் கீழே வையுங்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) இருந்தால் அதற்கு முன்னால். பைப்பின் குறுக்குவெட்டைக் கடிகாரமாக நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். படுக்கவைத்தால் காலையில் பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும். உங்கள் ஊர்க் குளிருக்குச் சொல்லவே வேண்டாம். வெல்டு வைக்கும் நட்டு 18 மில்லி, பிட்ச் (மரை இடைவெளி) 1.5. வெல்டு வைக்கும்போது புது சென்சாரைத் திருகாதீர்கள், மரை கோணாமல் இருக்கப் பழைய சென்சார் ஒன்றைத் திருகிக்கொள்ளுங்கள்.

கோரிமேடு: சென்சாருக்கு மேலே கேஸ்கெட் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்று காட்டும், ஈசியூ (இன்ஜெக்‌ஷனை நடத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கொட்டும். முதலில் அதைப் பாருங்கள். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் சென்சாரை மாட்டி ஓட்டவும் வேண்டாம், கரி பிடித்துப் போய்விடும்.

ரிச் மிக்சர்: இவ்வளவு செலவு எதற்கு? சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டால் கார்புரேட்டரே மலையில் அருமையாக ஓடும்.

கோரிமேடு: மலையில் ஓடும். சேலம் இறங்கினால் காற்று அடர்த்தி கூடி லீன் அடிக்கும். கீழே சுமார் 280 மீட்டர், மேலே 1500. 20 கொண்டை ஊசி இறங்கி அடிவாரத்தில் நிறுத்தி ஜெட் மாற்றுவீர்களா?

ரிச் மிக்சர்: எங்கள் அப்பா அப்படித்தான் ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஸ்பேனர்: இன்ஜெக்‌ஷன்காரர்களுக்கு ஒரு கேள்வி. இப்போது பங்கில் வருவது E20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மீட்டரில் சுத்தப் பெட்ரோலுக்கான காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 வைத்தால் என்ஜின் லீன் ஆகாதா?

லீ பஜார்: ஆகாது சார். சென்சார் அளப்பது லாம்டா, அதாவது தேவையான காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு இருக்கிறது என்பது; 1 என்றால் சரியான கலவை. மீட்டர் அதை 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். E20க்கு உண்மையான விகிதம் 13.5 அருகே வரும், ஆனால் மீட்டர் 14.7 காட்டினால் லாம்டா 1 தான்.

பழைய ஸ்பேனர்: புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருப்பான்.

ரிச் மிக்சர்: E20 ஊற்றினால் ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போகுதே, அதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்களா?

கோரிமேடு: அதற்குத் தனி இழை போடுங்கள் பாஸ்.

மிளகுத்தோட்டம்: வெல்டு முடிந்தது. கூடும் இடத்துக்குக் கீழே, 1 மணி. ஐடிலில் ரீடிங் ஆடாமல் நிற்கிறது. நன்றி லீ பஜார் அண்ணா.

லீ பஜார்: எந்த ஈசியூ போட்டீர்கள்? மேலே ஏறும்போது ரீடிங் எப்படி?

லீ பஜார்: தம்பி?