தண்ணீர் ஆவியாகும்போது கரண்ட் வருமா? மீட்டர் 0.58 வோல்ட் காட்டுகிறது, எல்இடி எரியவில்லை

பாலக்கோடு_செல்சர்வீஸ்:

வணக்கம். நான் பாலக்கோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மல்டிமீட்டர், சால்டரிங் எல்லாம் கையில் இருக்கிறது, இயற்பியல்தான் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்கு "ஆவியாகும் தண்ணீரில் இருந்து மின்சாரம்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு வந்து, மாமா செய்து கொடு என்கிறாள்.

வீடியோ ஒன்றைப் பார்த்துச் செய்தேன். பழைய வேட்டித் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, விளக்குக் கரியை (கண் மைக்குப் பிடிப்பது போலத் தட்டில் பிடித்தது) பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டுக் கரைத்து, அதில் துணியை நனைத்துக் காயவைத்தேன். துணியின் கீழ் முனை டம்ளர் தண்ணீரில், மேல் முனை காற்றில். கீழே அலுமினியம் ஃபாயில், மேலே செம்புக் கம்பி சுற்றி மீட்டர் வைத்தால் 0.58 வோல்ட் நிற்கிறது. ஆனால் ஒரு சின்ன சிவப்பு எல்இடி கூட மினுக்கவில்லை. ஒரே டிரேயில் நாலைந்து பட்டைகளை நிறுத்தி சீரியலில் போட்டால் வோல்ட் கூடவே இல்லை. எங்கே கோளாறு? இல்லை, இந்த விஷயமே டுபாக்கூரா?

தகடூரான்:

விஷயம் உண்மைதான். ஆனால் உங்கள் மீட்டரில் தெரிகிற 0.58 பெரும்பாலும் ஆவியாவதால் வந்தது இல்லை. அலுமினியமும் செம்பும் ஒரே ஈரத்தைத் தொட்டால் அதுவே ஒரு பேட்டரி செல். எலுமிச்சம்பழத்தில் ஆணியும் கம்பியும் குத்திப் பள்ளிக்கூடத்தில் காட்டுவார்களே, அதேதான், பழத்துக்குப் பதிலாக வேட்டி. அலுமினியமும் செம்பும் சாதாரணத் தண்ணீரில் அரை வோல்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும், உங்கள் எண்ணும் அங்கேதான் இருக்கிறது. இதில் இன்னொரு வம்பு என்னவென்றால், ஆவியாவதால் வருகிற மின்னழுத்தத்திலும் மேல் முனைதான் பிளஸ் ஆகும், நீங்கள் செம்பை வைத்திருப்பதும் மேலே. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்வதால் பார்க்கிறவர் ஏமாறுவது ரொம்ப சுலபம். இணையத்தில் சுற்றுகிற இந்த மாதிரி வீடியோக்களில் பலதும் இந்த ரகம்தான் என்பது என் கருத்து.

முதலில் இரண்டு முனைக்கும் ஒரே பொருள் போடுங்கள். பழைய பேட்டரி செல்லை உடைத்தால் நடுவில் கரிக்குச்சி இருக்கும். (ஆல்கலைன் செல்லை உடைக்காதீர்கள், அதில் குச்சியும் இல்லை, உள்ளே இருக்கும் காரம் கையைப் புண்ணாக்கும்.) இரண்டு குச்சி எடுத்து, தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து, அதில் ஒட்டியிருக்கும் உப்பெல்லாம் போகக் கழுவிவிட்டு மேலும் கீழும் கட்டுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடிவிடுங்கள். உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் ஆவியாவது நிற்கும். வோல்டும் இறங்கினால் அது ஆவியாவதால் வந்தது. மூடியும் இறங்காமல் அப்படியே நின்றால் வேதியியல்.

கிருஷ்ணகிரி_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

தகடூரான் சொன்ன மூடிச் சோதனைதான் இதில் முக்கியம். 2017-ல் சீன ஆய்வாளர்கள் (வான்லின் குவோ, ஜுன் சோ குழுக்கள்) நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் வெளியிட்ட கட்டுரையில் இதையே செய்தார்கள். விளக்குக் கரி போன்ற கார்பன் படலத்தைக் கண்ணாடியில் படியவைத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்தபோது, சில சென்டிமீட்டர் அளவுள்ள துண்டில் 1 வோல்ட் வரை தொடர்ந்து கிடைத்தது. பாத்திரத்தை மூடினால் குறைந்தது, திறந்தால் திரும்பியது, காற்று வீசினால் கூடியது.

உங்கள் மருமகளிடம் நடுவர் கட்டாயம் "எப்படி?" என்று கேட்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கரித்துகளின் பரப்பு தண்ணீர் பட்டதும் நெகட்டிவ் மின்னூட்டம் பெறுகிறது. அதைச் சமன்செய்ய, தண்ணீரில் இருக்கும் பாசிட்டிவ் அயனிகள் பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்காக நெருங்கி நிற்கும். இதற்கு மின் இரட்டை அடுக்கு என்று பெயர். மேல் முனையில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கரித்துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் வழியாகக் கீழிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏறும்போது அந்தப் பாசிட்டிவ் அயனிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே பாசிட்டிவ் சேர்கிறது, கீழே குறைகிறது, வித்தியாசம் வோல்டாகத் தெரிகிறது. நுண்துளைகள் வழியே தண்ணீரைத் தள்ளினால் மின்னழுத்தம் வருகிறது என்பதை ஜெர்மனியின் குவின்க்கே 1859-லேயே கண்டார். இங்கே பம்புக்குப் பதிலாக வெயிலும் காற்றும் தள்ளுகின்றன, அவ்வளவுதான் புதுசு. கார்பனில் நடப்பது முழுக்க இதுதானா, வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கிறதா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் ஓடுகிறது, அதையும் அவள் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்து, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? போர் தண்ணீர் என்றால் அதுவே பாதிக் காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தச் சோதனையைக் கெடுப்பது ஃப்ளூரைடு மட்டும் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. உப்பு கூடினால் இரட்டை அடுக்கு சுருங்கிவிடும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்கு உப்பு இருந்தால் அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். மிகச் சுத்தமான நீரில் அது நூற்றுக்கணக்கான நானோமீட்டர் வரை போகும். அடுக்கு மெலிந்தால் சந்தின் நடுவில் ஓடும் தண்ணீர் மின்னூட்டம் இல்லாமல் சும்மா ஓடுகிறது. அதோடு உப்புத்தண்ணீர் மேலிருந்து கீழே மின்சாரத்தைத் திரும்பக் கசியவும் விடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். சோப்பு லிக்விட் துணியில் கரி ஒட்டுவதற்கு நல்லது, ஆனால் காய்ந்த பிறகு ஒருமுறை அலசிவிடுங்கள், அதுவும் உப்புதான்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பண்ணைக்குட்டையில் சித்திரை வெயிலுக்கு தண்ணீர் கண்ணெதிரே வற்றுகிறது. கே.ஆர்.பி. அணையில் எவ்வளவு போகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிச் சும்மா போகிற தண்ணீரில் இருந்து மோட்டார் ஓடுகிற அளவுக்கு எடுக்க முடியாதா? மானியம் கொடுத்தால் நான் முதல் ஆளாக வருகிறேன் :)

ஓசூர்_சர்க்யூட்:

அண்ணா, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம், அது 5 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாக சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும், இந்த எண்ணைக் காட்டித்தான் பல பேர் ஆசை காட்டுகிறார்கள். அந்த வெப்பம் நீராவியோடு போய்விடும், நமக்கு வேலையாகக் கிடைப்பது ஈரமான பரப்புக்கும் உலர்ந்த காற்றுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 96 கிலோ ஜூல், அதாவது 27 வாட்-மணி. 5 லிட்டருக்கு 130 வாட்-மணி சொச்சம். எந்த இழப்பும் இல்லாத கனவுக் கருவியில்கூட ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. அதே ஒரு சதுர மீட்டரில் சோலார் பேனல் போட்டால் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் பக்கம் வரும். மானியத்தை சோலார் பம்புக்கே கேளுங்கள்.

ஆனாலும் பெரிய அளவில் யோசித்தவர்கள் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓஸ்குர் சாஹின் 2015-ல் பாக்டீரியா வித்துகளை (பேசிலஸ் சப்டிலிஸ்) பிளாஸ்டிக் பட்டையில் பூசி, ஈரம் ஏறினால் விரிந்து காய்ந்தால் சுருங்குகிற தசை மாதிரி ஒன்றைச் செய்தார். அதை வைத்துத் தண்ணீரில் மிதக்கும் ஒரு எஞ்சின், சின்னதாக ஒரு வண்டி எல்லாம் ஓட்டிக் காட்டினார்கள். 2017-ல் அதே குழு, அமெரிக்காவின் பெரிய ஏரிகளை விட்டுவிட்டு மற்ற ஏரி, அணைகளில் இருந்து கோட்பாட்டளவில் 325 ஜிகாவாட் வரை எடுக்கலாம் என்று கணக்குச் சொன்னது. காகிதக் கணக்குதான். உங்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் அதில் உண்டு: நீர்ப்பரப்பின் மேல் கருவி உட்கார்ந்தால் ஆவியாவதே பாதி அளவுக்குக் குறையலாம் என்றார்கள். குட்டை வற்றுவதைக் குறைக்க அதுவரை காத்திருக்க வேண்டாம், நிழல் வலை போதும்.

பாலக்கோடு நண்பருக்கு: உங்கள் எல்இடி எரியாததற்குக் காரணம் வோல்ட் மட்டும் இல்லை, அதைவிடப் பெரிய காரணம் கரண்ட். எல்இடி மங்கலாகவாவது எரிய 2 வோல்டில் 1 மில்லி ஆம்பியர், அதாவது 2 மில்லிவாட் வேண்டும் என்று வையுங்கள். நன்றாகச் செய்த ஒரு பட்டை திறந்த நிலையில் 1 வோல்ட், ஷார்ட் செய்தால் 150 நானோ ஆம்பியர் கொடுக்கிறது என்றால், அதில் இருந்து எடுக்கக்கூடிய அதிகபட்ச பவர் இரண்டின் பெருக்கலில் கால் பங்கு, 0.04 மைக்ரோவாட்கூட இல்லை. ஒரு எல்இடிக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் பட்டை வேண்டும், வேட்டிக்கு எங்கே போவீர்கள்? உங்கள் மீட்டரே 10 மெகா ஓம் லோடு, அதுவே 1 வோல்டில் 100 நானோ ஆம்பியர் குடிக்கும். சந்தேகம் இருந்தால் முனைகளுக்கு இடையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள், எவ்வளவு விழுகிறது என்று தெரியும்.

தகடூரான்:

துணி என்றதும் ஞாபகம் வந்தது, 2019-ல் ஐஐடி கரக்பூரில் சுமன் சக்ரவர்த்தி குழு துவைத்துக் காயப்போட்ட துணிகளை வைத்தே இதைச் செய்தது. ஒரு கிராமத்தில் சலவைத் தொழிலாளர்கள் காயப்போட்ட சுமார் 50 துணிகளை இணைத்து, கிட்டத்தட்ட 24 மணி நேரத்தில் ஒரு சூப்பர் கெபாசிட்டரை (மின்சாரத்தை நிறையச் சேர்த்துவைக்கும் பாகம்) 10 வோல்ட் வரை ஏற்றினார்கள். ஒரு வெள்ளை எல்இடி ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு மணி நேரம், அதுதான் இதன் உண்மையான அளவு. கண்காட்சிச் சுவரில் எழுத உங்கள் அக்கா மகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பாலக்கோடு_செல்சர்வீஸ்:

எல்லாருக்கும் நன்றி. கரிக்குச்சி மாற்றி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, துணியையும் அலசிப் பார்த்தேன். முதலில் ஒன்றுமே இல்லை, துணி முழுக்க ஈரம் ஏறி நின்றபிறகு மெதுவாக ஏறி 0.21 வோல்டில் நின்றது. பிளாஸ்டிக் அரிசி டப்பாவைக் கவிழ்த்து மூடினேன், கடையில் கஸ்டமர் வந்துவிட்டார், திரும்பிப் பார்க்கும்போது 0.03. டப்பாவை எடுத்து டேபிள் ஃபேன் வைத்தால் மறுபடி 0.2-க்கு மேல். அக்கா மகளுக்கு ஒரே குஷி, அலுமினியம் ஃபாயில் பட்டையையும் பக்கத்திலேயே வைத்து "இது போலி, இது அசல்" என்று காட்டப்போகிறாளாம். ஆனால் எல்லாரும் மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? ஏதாவது ஒன்று ஓடவேண்டும். டிரேயில் சீரியல் ஏன் கூடவில்லை என்றும் யாரும் சொல்லவில்லையே. சேர்த்துவைக்க 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் கடையில் நிறையக் கிடக்கிறது, போடலாமா?

ஓசூர்_சர்க்யூட்:

டிரேதான் சீரியலைக் கெடுக்கிறது. எல்லாப் பட்டையின் கீழ் முனையும் ஒரே தண்ணீரில் நின்றால் தண்ணீரே அவற்றை ஒன்றாகக் கோர்த்துவிடும். பட்டைக்கு ஒரு டம்ளர், டம்ளருக்கும் டம்ளருக்கும் நடுவில் சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. பேரலலில் போடுகிறவை மட்டும் ஒரே டம்ளரில் நிற்கலாம்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வேண்டாம், அதன் லீக்கேஜே நீங்கள் கொடுப்பதைவிட அதிகமாக இருக்கும், காலம் முழுக்க ஏறாது. 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் போடுங்கள். 100 நானோ ஆம்பியர் வந்தால் பத்து விநாடியில் 1 வோல்ட் ஏறும், மீட்டரில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஓட்டுவதற்கு எல்சிடி கைக்கடிகாரம் பாருங்கள், 1.5 வோல்டில் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியர்தான் கேட்கும், பட்டன் செல்லைக் கழற்றிவிட்டு ஒயர் இழுத்துவிடலாம். உங்கள் பட்டை 0.2 என்றால் சீரியலில் எட்டு டம்ளர், கரண்டுக்காக ஒவ்வொரு டம்ளரிலும் பல பட்டைகள் பேரலலில். லோடு போட்டதும் வோல்ட் இறங்கும், அதனால் டம்ளரையும் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். ஃபேன் எல்லாப் பட்டைக்கும் படும்படி ஒரே வரிசையாக அடுக்குங்கள்.

பாலக்கோடு_செல்சர்வீஸ்:

பேப்பர் கப் போதுமா, ஸ்டீல் டம்ளர்தான் வேண்டுமா?

கிருஷ்ணகிரி_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

ஸ்டீல் வேண்டவே வேண்டாம், மறுபடி உலோகம் உள்ளே வந்துவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கப். பேப்பர் கப் நேரமானால் ஊறும், மேஜை நனைந்தால் சீரியல் போய்விடும்.